டமார் றம்ஸீனும் சீதன வீட்டு முன்னறையும்

கல்முனையில் ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள். அதனால் எல்லாருக்கும் ஒரு பட்டப்பெயர் தேவைப்படுகிறது. கடை வைத்திருப்பவருக்குக் கடையின் பெயர், வெளிநாடு போய் வந்தவருக்கு அந்த நாட்டின் பெயர். இரண்டும் இல்லாதவருக்கு அவர் சின்ன வயதில் செய்த ஏதாவது ஒரு கோமாளித்தனத்தின் பெயர். றம்ஸீனுக்குக் கடையும் இருந்தது, வெளிநாடும் இருந்தது. பஸார் பக்கத்தில் தண்ணீர்க் குழாயும் அதன் மூட்டுகளும் விற்கிற கடை. அதற்கு முன் கட்டாரில் பதினொரு வருடம். நியாயப்படி அவர் 'பைப் றம்ஸீன்' ஆகியிருக்க வேண்டும், அல்லது 'கட்டார் றம்ஸீன்'. ஊர் அவருக்கு வைத்த பெயர் 'டமார் றம்ஸீன்'. அதற்கு அவர் யாரையும் குறை சொல்ல முடியாது.

கட்டாரில் அவருக்கு ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் வேலை. அறையில் கூட இருந்தவன் றிக்கோ என்கிற பிலிப்பைன்காரன். பகலில் படுக்கை விரிப்புக் கழுவுவான். மாலையில் அதே ஹோட்டலின் மேல்மாடியில் வெள்ளைக்காரர்களின் றொக் பாட்டுகளுக்கு ட்ரம் அடிப்பான். விடுமுறை நாளில் சவர்க்காரத் தூள் வந்த வெறும் பீப்பாய்களைக் கவிழ்த்து வைத்துப் பழகுவான். றம்ஸீன் ஆரம்பத்தில் தலையணையால் இரண்டு காதையும் மூடினார். பிறகு ஒரு காதை மட்டும் மூடினார். கொஞ்ச நாள் போக, "அந்த இடத்தில அவசரப்பட்டுட்டாய்" என்று றிக்கோவுக்கே பிழை சொல்லத் தொடங்கினார்.

அவர் தானாக ட்ரம் தடியைக் கையில் எடுத்ததில்லை. றிக்கோ ஒரு தரம் வற்புறுத்தி உட்கார வைத்தான். வலது கை போன பக்கம் இடது கையும் போனது, இரண்டு காலும் சும்மா இருந்தன. றம்ஸீன் எழும்பி வந்துவிட்டார். அடிக்கிறவனுக்கு அபிப்பிராயம் சொல்ல நேரம் இருக்காது, யாராவது ஒருவன் அந்த வேலையையும் பார்க்கத்தானே வேண்டும் என்று தன்னைத்தானே நியமித்துக்கொண்டார்.

ஊருக்குத் திரும்பும்போது மனைவி ஸில்மியா கேட்டிருந்தது உடுப்புக் கழுவுகிற மெஷின். பதினொரு வருடம் ஊரார் துணியைக் கழுவிய மனிதனிடம் அதைக் கேட்பதில் என்ன பிழை? ஆனால் கார்கோவில் வந்து இறங்கியது நெஞ்சு உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள்.

"இதுக்குள்ள எங்கால உடுப்பப் போடுற?" என்று ஸில்மியா கேட்டது இன்றைக்கும் அந்த ஒழுங்கையில் ஓடுகிற கதை.

பெட்டிகள் முன்னறையில் நின்றன. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பின்னேரம் அஸர் தொழுகை முடிந்தபின் பாண்டிருப்பிலிருந்து சைக்கிளில் புண்ணியமூர்த்தி வருவார். பஸ் டிப்போவில் நேரம் குறிக்கிற வேலையிலிருந்து பென்ஷன் எடுத்தவர். வானொலியின் ஆங்கிலச் சேவையைக் கேட்டு வளர்ந்த ஆள். றொக் ட்ரம்காரர்களில் றம்ஸீனுக்கு ஜோன் பொன்ஹம், புண்ணியமூர்த்திக்கு றிங்கோ. வேறு வீடுகளில் தேர்தலுக்கும் கிரிக்கெட்டுக்கும் நடக்கிற சண்டை, அந்த வீட்டில் இந்த இரண்டு பேருக்காகவும் பதினைந்து வருடம் நடந்தது.

"உன்ட றிங்கோ ஒரு மணிக்கூடு மச்சான். டிக் டிக் டிக். அதுக்கு மேல என்ன இரிக்கி?"

"மணிக்கூடு பிழைச்சா பஸ் போகாது றம்ஸீன். டிப்போல இருந்தவன் சொல்லுறன், கேளு."

"பொன்ஹம் அடிச்சா பஸ்ஸே பறக்கும்!"

"பறந்தா சனம் எப்பிடி இறங்கிற?"

"ஒத்தக் காலால அடிக்கிறாரு, ரெண்டு கால் மாதிரிக் கேக்குது. உன்ட ஆளுக்கு ஏலுமா?"

"என்ட ஆள் இடக்கைக்காரன். வலக்கைக்காரனுக்குப் பூட்டின செட்டில இருந்து அடிச்சு உலகத்தையே ஆட்டினவன். உன்ட ஆளக் கைய மாத்தி அடிக்கச் சொல்லு பாப்பம்."

இருவரும் ஒத்துப்போன விஷயம் ஒன்றே ஒன்றுதான். நீல் பியர்ட் என்கிற இன்னொரு ட்ரம்காரர் தன்னைச் சுற்றி அடுக்கி வைத்திருப்பது ட்ரம் செட் அல்ல, பாத்திரக் கடை.

இந்தச் சண்டைகளுக்கு நடுவில் பிளேன்டி என்கிற வெறும் தேநீரைக் கொண்டுவந்து வைத்தவள் மகள் அம்ஹா. பாடசாலைச் சீருடையோடு கொண்டுவந்தாள், பிறகு பல்கலைக்கழகத்துப் பையைத் தோளிலிருந்து இறக்காமல் கொண்டுவந்தாள், கடைசியில் கணித ஆசிரியையாகி வந்தும் கொண்டுவந்தாள். உனக்கு யாரைப் பிடிக்கும் என்று அவளிடம் யாரும் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவுமில்லை.

அம்ஹாவுக்குச் சாய்ந்தமருதிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை றிபாஸ், நில அளவை வேலை. சிகரெட் இல்லை, கடன் இல்லை, வாய் இல்லை. வாப்பா ஷரிபுதீன் ஹாஜியார், பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒருவர். நெஞ்சு வரைக்கும் வெள்ளைத் தாடி, அளந்து விடுகிற பேச்சு.

இந்தக் கிழக்குக் கரையில் கலியாணம் முடிந்தால் பெண் புகுந்த வீடு போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு மகளின் பெயருக்குச் சீதனமாக எழுதப்படும். பெற்றோர் பின்வளவில் ஓர் அறையும் சின்னக் குசினியும் கட்டி ஒதுங்கிக்கொள்வார்கள். றம்ஸீனுக்கு வீடு போவதில் கவலை இல்லை, மகளுக்குத்தானே. அவரை அரித்தது முன்னறை. அந்த அறையின் பின்சுவரில் அவர் பழைய மெத்தை ஒன்றை ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தார். காலால் அடிக்கிற பெரிய ட்ரம்மின் சத்தத்தை எப்படி வாங்க வேண்டும் என்று அந்தச் சுவருக்குத் தெரியும் என்பது அவருடைய நம்பிக்கை. அந்த அறையும் வெள்ளிக்கிழமையும் இல்லாவிட்டால், தான் வெறும் பைப் விற்கிற மனிதன் என்பது அவருக்கே தெரிந்திருந்தது.

"ஹாஜியார் வந்து இந்தப் பெட்டி ரெண்டையும் கண்டா, சம்பந்தம் வாசலோட திரும்பிரும்," என்றாள் ஸில்மியா.

"அவரு பாட்டுக் கூடாதெண்டு எங்கயாச்சும் சொல்லிருக்காரா?"

"சொல்லோணுமா? தாடியப் பாத்தா வெளங்காதா?"

றம்ஸீன் தாடியை நினைத்துப் பார்த்தார். விளங்கியது.

பெட்டிகளை இரண்டு வெள்ளைப் படுக்கை விரிப்பால் சுற்றிக் கட்டிச் சின்ன லொறியில் ஏற்றினார்கள். வேலிக்கு அப்பால் நின்ற ஆயிஷா உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பதறினாள்.

"யா அல்லாஹ்! யாரு தம்பி மவுத்து?"

"ஒருத்தரும் இல்ல ராத்தா, சாமான்."

"ரெண்டு பேரா?"

"சாமான் எண்டு சொல்லுறன்!"

அன்று மாலைக்குள் றம்ஸீன் வீட்டில் இரண்டு சாவு, இரண்டு ஜனாஸா என்று இரண்டு ஒழுங்கைக்குச் செய்தி போய், மூன்று பேர் தொப்பியோடு வந்து கதிரை தேடினார்கள்.

பெட்டிகள் பாண்டிருப்புக்குப் போய்ச் சேர்ந்தன. புண்ணியமூர்த்தி வீட்டு ஹோலில் சாமிப் படத்துக்கும் ஃபிரிஜ்ஜுக்கும் நடுவில் இடம் கிடைத்தது.

ஷரிபுதீன் ஹாஜியார் வீடு பார்க்க வந்தார். ஸலாம் சொன்னார், உட்கார்ந்தார், வெறும் முன்னறையைப் பார்த்தார், சுவரில் தொங்கிய மெத்தையையும் பார்த்தார். அதைக் கழற்ற மறந்துவிட்டோமே என்று றம்ஸீனுக்கு வேர்த்தது.

"கிணத்துத் தண்ணி எப்பிடி?" என்று ஹாஜியார் கேட்டார்.

"இந்த ஊட்டுல பாட்டுச் சத்தமே கேக்காது காக்கா. மார்க்கப் பயான் மட்டுந்தான்."

ஹாஜியார் மறுபடியும் சுவர் மெத்தையைப் பார்த்தார்.

"நல்லது. நான் கேட்டது தண்ணி உப்பா எண்டு."

நிக்காஹ் நல்லபடியாக நடந்தது. றிபாஸ் ஒரு பெட்டி உடுப்போடும் ஒரு மோட்டார் சைக்கிளோடும் வந்து குடியேறினான். றம்ஸீனும் ஸில்மியாவும் பின்வளவு அறைக்குப் போனார்கள்.

பழைய ஆட்கள் வீட்டில் மாமனாரும் மருமகனும் நேருக்கு நேர் கதைக்க மாட்டார்கள். அது மரியாதை. இப்போது பலர் அதைப் பார்ப்பதில்லை. இந்த வீட்டில் பார்த்தார்கள், ஏனென்றால் இரண்டு பேருக்கும் பயம். இரண்டு பேரும் ஒரே கிணற்றடியில் நின்றால்கூடப் பேச்சு அம்ஹா வழியாகத்தான் போகும்.

"மாமாட்டக் கேளுங்க, மோட்டர் போட்டாச்சா எண்டு."

"போட்டாச்செண்டு மருமகனுக்குச் சொல்லு."

ரெண்டு பேருக்கும் காது கேக்குந்தானே என்று அம்ஹா ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தாள். பிறகு அவளும் பழகிவிட்டாள்.

றம்ஸீன் மார்க்க அறிஞர்களின் பயானைக் கைப்பேசியில் போட்டு, முன்வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாக வைத்தார். கேட்கக் கேட்க அவருக்கு உண்மையிலேயே நாலு நல்ல விஷயம் தெரியவந்தது என்பது வேறு கதை. வெள்ளிக்கிழமை வந்தால் பாண்டிருப்புக்குப் போவார். அங்கே நடந்தது அநியாயம்.

"பொன்ஹமப் போடு மச்சான்."

"என்ட வீடு, என்ட கரண்டு. றிங்கோதான்."

"பெட்டி என்ட!"

"அப்ப தூக்கிட்டுப் போ. சம்பந்திக்குக் காட்டு."

தன்னுடைய பெட்டியில், மூன்று மாதம், றம்ஸீன் றிங்கோவை மட்டும் கேட்டார். ஒரு நாள் ஒரு பெட்டியின் மேல் பூக்கூடை இருந்தது. இன்னொரு நாள் புண்ணியமூர்த்தியின் மனைவி தங்கரத்தினம் அதில் பப்படம் காய வைத்திருந்தாள். றம்ஸீன் பிளேன்டியைக் குடிக்காமலேயே எழும்பி வந்துவிட்டார்.

அடுத்த நாள் காலையில்தான் அது நடந்தது. றம்ஸீன் பின்வளவுக் குழாயடியில் குந்திப் பல் தீட்டிக்கொண்டிருந்தார். சுவருக்கு உள்ளே சாப்பாட்டு மேசையில் றிபாஸ் புட்டு வரும்வரை காத்திருந்தான். கரண்டி கோப்பையில் பட்டு டிக் டிக் என்றது. மற்றக் கை மேசைப் பலகையில் டப் என்றது. பசி வந்த மனிதன் தட்டுகிற தட்டு என்றுதான் றம்ஸீன் முதலில் நினைத்தார். பிறகு பல்தூரிகை வாயில் அப்படியே நின்றது. பலகையில் டப் விழுகிற ஒவ்வொரு தரமும் கரண்டிச் சத்தம் ஒரு தரம் விட்டுப்போனது. அடிக்கிறவன் அந்த ஒரு கணம் கையைத் தூக்கிக்கொள்கிறான். ட்ரம் செட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கிற சோடித் தட்டிலிருந்து அப்படிக் கையைத் தூக்குகிற ஆள் யாரென்று றம்ஸீனுக்குத் தெரியும். தற்செயலாக வருகிற பழக்கமல்ல அது.

"மகள்! இங்க வா."

"என்ன வாப்பா, வாயத் துடைங்க."

"மருமகன் அடிக்கிறாரே, அது யாருட அடியெண்டு கேளு."

உள்ளே சத்தம் சட்டென்று நின்றது. அம்ஹா போனாள். உள்ளே ஏதோ குசுகுசுத்தார்கள். திரும்பி வந்தாள்.

"பிழையா ஒண்டும் நினைக்க வாணாமாம். தெரியாமக் கை போயிட்டாம்."

"யாருட அடி எண்டு கேளு புள்ள!"

அம்ஹா மறுபடி போனாள். இந்த முறை கொஞ்சம் நேரம் எடுத்தது.

"சார்லி வொட்ஸாம்."

றம்ஸீன் நினைத்த அதே ட்ரம்காரன். அவர் வாய் நுரையைத் துப்பினார். சிரிப்பும் வந்தது, தன்மேல் கோபமும் வந்தது. எவ்வளவு விசாரித்தோம்! சிகரெட் உண்டா, கடன் உண்டா, முன்னால் ஏதும் பேச்சு வார்த்தை உண்டா என்று நிந்தவூர் வரைக்கும் ஆள் அனுப்பிக் கேட்டோம். இதைக் கேட்கவில்லையே.

விஷயம் மெதுவாக வெளியே வந்தது. றிபாஸ் சின்ன வயதிலிருந்து றப்பர்ப் பலகை ஒன்றில் தடியால் அடித்து ட்ரம் பழகுகிறவன். கலியாணத்துக்கு முன் அவனுடைய வாப்பா சொல்லி அனுப்பியிருக்கிறார்: 'உன்ட மாமா பாட்டுச் சத்தமே கேக்காத மனிசன். பாத்து நடந்துக்க.' பாவம், பலகையைச் சாய்ந்தமருதில் மோட்டார் சைக்கிள் கொட்டிலின் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு வந்திருக்கிறான்.

அன்று தொடங்கியது. ஆனாலும் மரியாதை மரியாதைதான். மருமகன் மேசையில், மாமனார் குசினி வாசலில், அம்ஹா நடுவில் சோதனைத் தாள் திருத்தியபடி.

"வாப்பா சொல்லுறாரு, சார்லி நல்ல மனிசனாம், ஆனா நித்திரையில அடிக்கிறாராம்."

"மாமாட்டச் சொல்லுங்க, பாட்டுக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் அவரு அடிக்கிற. பொன்ஹம் நெல்லுக் குத்துறாரு."

"நெல்லுக் குத்துறாரா? மருமகன் எண்டு பாக்கிறன், இல்லாட்டி..."

"அதையும் சொல்லவா வாப்பா?"

"வாணாம். மரியாதையாச் சொல்லு. அவருக்கு இன்னும் வயசு இரிக்கி, வெளங்கும் எண்டு சொல்லு."

அம்ஹா உள்ளே போய், "வாப்பாக்கு உங்கள நல்லாப் புடிச்சிட்டு," என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் இரண்டு பக்கத்துக் கதையையும் இப்படித்தான் சுருக்கினாள். அதனால்தான் அந்த வீட்டில் சண்டை வரவில்லை.

இப்போது பெட்டிகள். அவற்றை முன்னறைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது இருவருக்கும் ஒரே ஆசை, ஆனால் வாய் திறந்து கேட்க இருவராலும் முடியவில்லை. மகளுக்கு எழுதிக் கொடுத்த வீட்டில் வாப்பா எப்படி உரிமை கேட்பது? மனைவி வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவன் எப்படிச் சாமான் இறக்குவது? இருவரும் தனித்தனியாக ஸில்மியாவைப் பிடித்தார்கள்.

"ஊடு யாருட பேருல இரிக்கி?" என்றாள் ஸில்மியா. "அவளுட்டக் கேளுங்க. எனக்கிட்ட வந்தா நான் மெஷினத்தான் கேப்பன்."

அம்ஹா இரண்டு மனுவையும் கேட்டாள். சிவப்புப் பேனையை மூடி வைத்தாள்.

"வெள்ளிக்கிழமை வரட்டும். ஆனா முதல் பாட்டு நான் போடுவன்."

இவ்வளவுதானா என்று இரண்டு பேருக்கும் சந்தோஷம். மகள் பொன்ஹமைத்தான் போடுவாள், பள்ளிக்கூடம் போகிற வயதிலிருந்து கேட்டவள்தானே என்று றம்ஸீன் நினைத்தார். மனைவி சார்லியைத்தான் போடுவாள், இவ்வளவு நாளும் மேசையில் அதைத்தானே கேட்டாள் என்று றிபாஸ் நினைத்தான்.

வெள்ளிக்கிழமை பெட்டிகள் திரும்பி வந்தன, இந்த முறை வெள்ளைத் துணி இல்லாமல். கூடவே புண்ணியமூர்த்தியும் வந்தார், பிள்ளையை வளர்த்துத் திருப்பிக் கொடுக்கிற முகத்தோடு. றம்ஸீன் ஒரு மூலையில், றிபாஸ் மறுமூலையில், நடுவில் புண்ணியமூர்த்தி. பாட்டு யாருடையது என்று அம்ஹா சொல்லவில்லை. கைப்பேசியைத் தட்டினாள்.

தும். தும். தும். தும். ஓர் அலங்காரமும் இல்லை. பெரிய ட்ரம், பிறகு தட்டு, மறுபடி பெரிய ட்ரம். கதவைத் தட்டி 'ஊட்டுல ஆள் இரிக்கா' என்று கேட்கிற மாதிரி. றம்ஸீன் பெட்டியைப் பார்த்தார். பப்படத்து மாவு ஏதும் உள்ளே போய்விட்டதோ?

"இது யாரு மகள்?"

"மெக் வைட்."

"பொம்புளையா?"

"ஓம்."

"பழகத் தொடங்கி எத்தின நாளாம்?"

அம்ஹா சத்தத்தைக் கூட்டினாள். பாட்டு அதே தும் தும்மில் போனது. றம்ஸீனால் பொறுக்க முடியவில்லை. மற்ற மூலைக்குத் திரும்பினார்.

"மருமகன், நீங்க சொல்லுங்க. இதெல்லாம் ஒரு அடியா?"

"அதான் மாமா! நானும் அதத்தான் பாக்கிறன். நடுவுல ஒண்டுமே இல்லயே!"

"பொன்ஹம் எண்டா அந்த இடத்தில எத்தின அடி போட்டிருப்பாரு?"

"பொன்ஹம விடுங்க மாமா, சார்லியே ரெண்டு போட்டிருப்பாரு!"

"சார்லி போட்டிருப்பாருதான். நான் இல்லெண்டு சொல்லல்ல."

"றிங்கோ எண்டா..." என்று புண்ணியமூர்த்தியும் இழுத்தார்.

கதிரைகள் கிட்டக் கிட்ட நகர்ந்தன. மாமனாரும் மருமகனும் முழங்காலோடு முழங்கால் முட்ட இருந்து கதைத்தார்கள். நேருக்கு நேர் கதைக்கிறோம் என்பதே இருவருக்கும் தெரியவில்லை. குசினி வாசலில் நின்ற ஸில்மியாவுக்குத் தெரிந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அம்ஹா பாட்டை நிறுத்தினாள். மூன்று பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள்.

"பதினஞ்சு வருஷமா இந்த அறைக்குப் பிளேன்டி கொண்டந்தவ நான். ஒரு நாளும் எனக்கொரு பாட்டு முழுசாக் கேட்டதில்ல. உங்கட சத்தந்தான் கேட்டிச்சு. இவ பாடுறவனுக்குக் குறுக்கால கதைக்கிறல்ல. அதான் எனக்குப் புடிக்கும்."

அம்ஹா பாட்டைத் தொடக்கத்திலிருந்து போட்டாள். முழுப்பாட்டும் ஓடி முடிந்தது.

"குடிச்ச கோப்பையக் குசினியில கொண்டு வைங்க," என்றாள். வைத்தார்கள்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் முதல் பாட்டு அம்ஹாவுடையது. அது முடியும்வரை வாய் திறக்கக்கூடாது. முடிந்த பிறகு மூன்று ஆண்களும் ஒன்று சேர்ந்து அவளுடைய ருசியைத் திட்டுவார்கள், அப்புறம் தங்களுக்குள் பிரிவார்கள். ஹாஜியார் ஒரு வெள்ளி வந்தார். பெட்டிகளைப் பார்த்தார், மெத்தையைப் பார்த்தார், இப்போது விளங்கிவிட்டது என்கிற மாதிரித் தலையை ஆட்டினார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, உப்பில்லை என்று சொல்லிப் போனார். அடுத்த வாரம் சாய்ந்தமருதிலிருந்து றிபாஸின் றப்பர்ப் பலகை ஒரு பையில் வந்து சேர்ந்தது.

"என்ட மகள் எல்லாத்திலயும் கெட்டிக்காரி, இந்த ஒரு விஷயத்திலதான் ஒரு மாதிரி," என்று றம்ஸீன் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்கிறார். பைப் வாங்க வந்தவன் தலையை ஆட்டிவிட்டுப் பைப்பை வாங்கிக்கொண்டு போகிறான்.

போன வாரம் புண்ணியமூர்த்தி குழாய் மூட்டு ஒன்று வாங்கக் கடைக்குப் போனார். றம்ஸீன் தனியாக இருந்தார். கையில் இரண்டு துண்டுப் பைப், முன்னால் கவிழ்த்து வைத்த ஒரு தண்ணீர் வாளி. தும். தும். தும். தும். கைகள் ஒன்றையொன்று இழுக்கவில்லை. காலும் கூடவே தட்டியது. முகத்தில் ஒரு பெருமை, முதல் தரம் சைக்கிள் விட்ட பையனுடைய பெருமை.

"என்ன றம்ஸீன், யாருட அடி?"

றம்ஸீன் பைப் துண்டுகளை மேசைக்குக் கீழே போட்டார்.

"பொன்ஹம்," என்றார்.